ஒரே பலகை, மூன்று சான்றிதழ்: நீலகிரித் திருச்சபைகளின் வரவேற்பு எதுவரை செல்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை, நீலகிரி மாவட்டத்தின் ஒரு தேவாலயத்தை மனத்தில் கொள்வோம். ஒரே பலகையில் மூவர் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் தோடர் பழங்குடியைச் சேர்ந்தவர். அடுத்தவர் படகர். மூன்றாமவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தலித் பெண். மூவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். மூவரும் ஒரே பாடலைப் பாடி, ஒரே திருவிருந்தில் பங்கு பெறுகிறார்கள்.

திங்கட்கிழமை இம்மூவரும் தம் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகம் செல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தோடர் கிறிஸ்தவருக்குப் பட்டியல் பழங்குடிச் சான்றிதழ் கிடைக்கும். அவர் எந்த மதத்தைப் பின்பற்றினாலும் அந்த நிலை மாறாது. படகர் கிறிஸ்தவர் தம் சமூகத்துக்குரிய பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழைப் பெறுவார். தலித் பெண்ணுக்கு மட்டும் மதம் ஒரு கேள்வியாக முன்வைக்கப்படும். கிறிஸ்தவர் என்று சொன்ன உடனே அவருடைய பட்டியல் சாதி நிலை நீங்கிவிடும். ‘பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியோர்’ என்ற வகையில் அவர் பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்படுவார்.

திருச்சபைகள் மக்களை எவ்வாறு வரவேற்கின்றன, தம்மைச் சூழ்ந்த சமூகத்துக்கு எவ்வாறு சேவை செய்கின்றன என்பது பொதுவாக ஆன்மிகக் கேள்வியாகவே பேசப்படுகிறது. நீலகிரியில் அது உரிமை சார்ந்த கேள்வியும் ஆகும். தேவாலயத்தின் வாசலில் கிடைக்கும் வரவேற்பு, அரசு அலுவலகத்தின் வாசலில் ஓர் இழப்பாக மாறுகிறது. இந்த முரண் எப்படி உருவானது, அதைக் குறித்துத் திருச்சபை என்ன செய்யக்கூடும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

எண்களுக்குள் மறைந்திருப்போர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. இதில் பட்டியல் சாதியினர் சுமார் 32 சதவீதம். தமிழ்நாட்டின் சராசரி 20 சதவீதம் என்பதோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். கிறிஸ்தவர்கள் சுமார் 11 சதவீதம். மாநிலச் சராசரியோ 6 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. அதாவது, தலித் மக்களும் கிறிஸ்தவ மக்களும் மாநிலச் சராசரியைவிட அதிகமாக வாழும் மாவட்டம் இது.

ஆனால் இவ்விரு எண்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. கணக்கெடுப்பில் இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோர் மட்டுமே பட்டியல் சாதியினராகப் பதிவு செய்யப்படுவர். ஆகவே அந்த 32 சதவீதத்துக்குள் ஒரு தலித் கிறிஸ்தவர்கூட இல்லை. மறுபுறம், 11 சதவீதக் கிறிஸ்தவர்களில் எத்தனை பேர் தலித் என்பதை அந்தக் கணக்கு சொல்வதில்லை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தலித் பின்னணி கொண்டோர் என்று திருச்சபை அமைப்புகளே நீண்டகாலமாகக் கூறிவருகின்றன. அரசின் ஏட்டில் அவர்களுக்கெனத் தனி வரி இல்லை.

மலைக்கு வந்த திருச்சபை யாருக்காக வந்தது?

1603ஆம் ஆண்டு, கோழிக்கோட்டுப் பகுதியிலிருந்து பெனிச்சியோ என்னும் இயேசு சபைத் துறவி இம்மலைக்கு ஏறி வந்தார். மலைமேல் வாழ்ந்தோர் பழைய கிறிஸ்தவ மரபினர் என்ற செய்தியை நம்பி, அவர்களைத் தேடி வந்தவர் அவர். கண்டதோ தோடர்களையும் படகர்களையும். அவர் எழுதிய குறிப்பு, நீலகிரி மக்களைப் பற்றிய மிகப் பழைய ஐரோப்பியப் பதிவாகக் கருதப்படுகிறது.

நிலையான தேவாலயம் எழுந்தது ஆங்கிலேயர் குடியேறிய பின்னரே. உதகையின் புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 1831 ஈஸ்டர் ஞாயிறு அன்று அது வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அதன் பெரிய மரத்தூண்களும் உத்திரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை. அடிக்கல் நாட்டிய சென்னை ஆளுநர் லஷிங்டனின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. வரைபடம் தந்த கேப்டன் அண்டர்வுட்டின் பெயரும் இருக்கிறது. அம்மரங்களை மலைக்கு ஏற்றியவர்களின் பெயர்கள் இல்லை. ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் கட்டப்பட்ட ஆலயம் அது. 1858இல் தொடங்கப்பட்டு, பின்னர் லவ்டேலில் நிலைபெற்ற லாரன்ஸ் பள்ளியும் பிரிட்டிஷ் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகவே தோன்றியது.

உள்நாட்டு மக்களை நோக்கிய பணியைப் பேசல் மிஷன் 1846இல் கேத்தியில் தொடங்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி காசமேஜர் அதற்கு ஆதரவளித்தார். 1849இல் அவர் இறந்தபோது தம் சொத்தையும் அப்பணிக்கே விட்டுச்சென்றார். மிஷனரிகள் முதன்மையாக நாடியது படகர்களை. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த பின், 1858இல்தான் முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றார். மதம் மாறியோரை அவர்களுடைய ஊர் விலக்கி வைத்தது. எனவே அவர்கள் மிஷன் வளாகத்தை ஒட்டி வாழ நேர்ந்தது. பின்னாளில், காதரின் லிங் என்ற பெண் மிஷனரியின் பணியால் சில தோடர்கள் கிறிஸ்தவரானபோதும் இதுவே நடந்தது. மந்துகளிலிருந்து பிரிந்து அவர்களும் தனிக் குடியிருப்பில் வாழ்ந்தனர்.

இதில் ஒரு பாடம் உண்டு. ஒருவரைச் சபைக்குள் வரவேற்பது எளிது. அவ்வாறு வந்ததனால் அவர் இழக்கும் வீட்டுக்கும் தொழிலுக்கும் உறவுக்கும் சபை பொறுப்பேற்குமா என்பதே கடினமான கேள்வி. இதனைப் பேசல் மிஷன் ஓரளவு உணர்ந்திருந்தது. 1865இல் மங்களூரில் அது ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதற்கு, சாதியை இழந்து வந்தோருக்குப் பிழைப்புத் தேட வேண்டிய தேவை ஒரு முக்கியக் காரணம். நீலகிரியிலோ காப்பி, தேயிலை, சின்கோனாத் தோட்டங்கள் பெருகியபோது சமவெளியிலிருந்தும் மைசூர்ப் பகுதியிலிருந்தும் மேஸ்திரிகளால் கொண்டுவரப்பட்ட தொழிலாளரில் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்களுக்கு நிலமும் இல்லை, ஊரும் இல்லை. லைன் வீடுகளில் வாழ்ந்த அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமே பலவேளைகளில் ஊராக இருந்தது.

பண்டிதர் வாழ்ந்த மலை

நீலகிரியைத் தேயிலையாலும் கோடை விழாவாலும் மட்டும் அறிந்த மாணவர்கள் ஒன்றை அறிய வேண்டும். தமிழ்நாட்டின் நவீன தலித் அரசியல் கருக்கொண்ட இடங்களில் இம்மலையும் ஒன்று. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) தம் இளமைக் காலத்தை இங்கே கழித்தார். 1870களில் அத்வைதானந்த சபையை இங்கே நிறுவினார். இரட்டைமலை சீனிவாசன், சென்னைக்குச் சென்று 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்குவதற்கு முன், நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றியவர்.

1891 டிசம்பர் 1 அன்று அயோத்திதாசர் முன்னெடுத்த திராவிட மகாஜன சபையின் மாநாடு நீலகிரியில் கூடிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. இழிவுப் பெயரிட்டு அழைப்பதைத் தண்டனைக்குரியதாக்குதல், கிராமந்தோறும் தம் பிள்ளைகளுக்குப் பள்ளி, படித்தோருக்கு அரசு வேலை, பொதுக் கிணறு, குளங்களில் தடையற்ற உரிமை, அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் நுழையும் உரிமை என அவை விரிந்தன. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் ஒன்றுகூட இரக்கத்தை வேண்டவில்லை, அனைத்தும் உரிமையைக் கோரின.

அயோத்திதாசரின் தோழர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தனர். போதகரான அருள்திரு ஜான் ரத்தினம் 1885இல் நடத்திய ‘திராவிட பாண்டியன்’ இதழில் இருவரும் இணைந்து உழைத்தனர். ஆயினும் பண்டிதர் சென்று சேர்ந்த இடம் கிறிஸ்தவம் அன்று. 1898இல் அவர் பௌத்தத்தைத் தழுவினார். சாதியைத் தன்னோடு அழைத்து வந்தவர்களைச் சாதியோடே ஏற்றுக்கொண்ட கிறிஸ்தவத்தை அவர் கடுமையாக விமர்சித்தார். சாதியை வாசலில் விட்டுவரச் சொல்லாத வரவேற்பு, தாழ்த்தப்பட்டோருக்கு வரவேற்பே ஆகாது என்பதே அவ்விமர்சனத்தின் சாரம் என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

கிண்ணம், சுவர், கல்லறை

அவ்விமர்சனம் வெறும் ஐயத்தில் பிறந்தது அன்று. 1833இல், கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்பது அதன் கட்டளை. ஆலயத்தில் தனித்தனியே அமர்வதும், திருவிருந்தில் முந்திப் பிந்திப் பெறுவதும் அதில் கண்டிக்கப்பட்டன. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் இக்கட்டளையை எதிர்த்துச் சபையை விட்டு வெளியேறினர். தலித் மக்களோடு ஒரே கிண்ணத்தில் பருகுவதைவிடத் திருவிருந்தை இழப்பதே மேல் என்று அவர்கள் கருதினர்.

கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாறும் வேறன்று. வடக்கன்குளத்தில் இரு சாதியினரையும் பிரித்து அமர்த்தும் வகையில் ஆலயமே இரண்டு கால்கள் போலக் கட்டப்பட்டது. நடுவிலிருந்த பிரிவினை 1910இல் நீக்கப்பட்டபோது, நீக்கியதை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் இறந்தோரையும் சாதியால் பிரிக்கும் சுவர் பல தலைமுறைகளாக விவாதப் பொருளாக இருந்துவருகிறது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கின் தலித் கத்தோலிக்கர்கள் பாகுபாட்டை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் அனுப்பியது. இது பழங்கதை அன்று என்பதற்கு இதுவே சான்று.

நீலகிரியின் நிலை சமவெளியிலிருந்து ஒரு வகையில் மாறுபட்டது. இங்குள்ள பெரும்பாலான சபைகள் குடியேறியோரின் சபைகள். சமவெளிக் கிராமத்தில் உள்ளது போல ஊர்த்தெரு, சேரி என்ற நூற்றாண்டுப் பிரிவினை ஆலயத்தைச் சூழ்ந்து நிற்கவில்லை. தோட்ட லைன்களில் பல சாதியினரும் அடுத்தடுத்த சுவர்களுக்குள் வாழ்ந்தனர். ஆனால் சாதி மலையேறவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மேஸ்திரியின் சாதி, கணக்கப்பிள்ளையின் சாதி, கொழுந்து பறிப்போரின் சாதி என்று தோட்டத்தின் அடுக்கே சாதியின் அடுக்காகத்தான் அமைந்தது. அந்த அடுக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் தொடர்கிறதா என்பதைச் சுவரைப் பார்த்து அறிய இயலாது. சபைக் குழுவில் யார் இருக்கிறார்கள், யார் வீட்டுத் திருமணத்துக்கு யார் செல்கிறார்கள், திருமண விளம்பரத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பார்த்தே அறிய முடியும்.

தாயகம் திரும்பியோரும் வரவேற்பின் சோதனையும்

நீலகிரியில் வரவேற்பு என்ற சொல் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது, இலங்கையிலிருந்து மலையகத் தமிழர் வந்தபோது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இலங்கைத் தேயிலையை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வளர்த்தவர்களிடம், எங்கு வாழ விரும்புகிறீர்கள் என்று எந்த அரசும் கேட்கவில்லை. அவர்களில் பெரும்பான்மையோர் தலித் மக்கள்.

அவர்களுக்கு வேலை தரும் பொருட்டு, வனத்துறையின் கீழ் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அது 1976 முதல் ‘டேன்டீ’ நிறுவனமாக இயங்குகிறது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, நடுவட்டம் என மாவட்டம் முழுவதும் இக்குடும்பங்கள் பரவின. நூற்றாண்டு கழித்துத் தாய்நாடு திரும்பியவர்களுக்கு இங்கே கிடைத்த பெயர் ‘சிலோன்காரர்’. மண் இங்கே இருந்தும் பட்டா இல்லை; சாதி இங்கிருந்து சென்றதுதான் என்றாலும் சாதிச் சான்றிதழ் எளிதில் கிடைக்கவில்லை. பாட்டனாரின் ஊர் எது, ஆவணம் எங்கே என்ற கேள்விகளுக்கு, மண்டபம் முகாமின் குடும்ப அட்டையைத் தவிர அவர்களிடம் காட்ட எதுவும் இருக்கவில்லை.

இத்தகைய குடும்பத்துக்குச் சபை என்ன கொடுத்தது? முதலாவதாக, முன்பின் அறியாத ஊரில் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் இடத்தைக் கொடுத்தது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் கூட்டங்கள் வீடு வீடாகக் கூடுகின்றன. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் ஐக்கிய சங்கமும் ஞாயிறு பள்ளியும் இயங்குகின்றன. தோட்டத்து லைன்களில் சிறிய பெந்தெகொஸ்தே ஜெபக்கூடங்கள் எழுந்துள்ளன. நோயுற்றவருக்காக இரவில் வந்து ஜெபிப்பதும், மரண வீட்டில் சமைத்துக் கொடுப்பதும், கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து நின்று தம் துயரத்தைச் ‘சாட்சி’யாகச் சொல்வதை மற்றவர் அமர்ந்து கேட்பதும் எளிய செயல்களாகத் தோன்றலாம். நாள் முழுவதும் எடைபோடுபவரின் குரலை மட்டுமே கேட்ட ஒருத்திக்கு, தன் குரலைப் பிறர் கேட்பது எளிய செயல் அன்று. சமூக ஆர்வலர்கள் இதனை மதம் என்று ஒதுக்கிவிட்டால், மக்கள் ஏன் அங்கே செல்கிறார்கள் என்பது அவர்களுக்கு ஒருபோதும் விளங்காது.

இரண்டாவதாக, கல்வி கொடுத்தது. 1955இல் உருவான உதகை கத்தோலிக்க மறைமாவட்டமும், 1950இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயமும் இம்மலையில் பல பள்ளிகளை நடத்துகின்றன. இவற்றில் படித்து முதல் தலைமுறைப் பட்டதாரிகளான தலித் பிள்ளைகள் உண்டு. அதேநேரம், நீலகிரி என்றாலே நாடு முழுவதும் அறியப்படுவது உயர்கட்டண உறைவிடப் பள்ளிகளுக்காகத்தான் என்பதையும் மறக்க இயலாது. திருச்சபை நடத்தும் நிறுவனங்களில் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு எத்தனை இடம், அவற்றின் ஆசிரியர் பணியிடங்களில் தலித் மக்களுக்கு எத்தனை இடம் என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது.

வரவேற்புப் பதிவேடே சாட்சியாகும்போது

இனி, தொடக்கத்தில் பார்த்த சான்றிதழுக்கு வருவோம். 1950ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். பழங்குடியினருக்கான ஆணையில் இத்தகைய மத நிபந்தனை இல்லை. தோடருக்கும் தலித்துக்கும் ஒரே பலகையில் நேர்ந்த வேறுபாட்டின் சட்ட வேர் இதுதான்.

இழப்பு இட ஒதுக்கீட்டோடு முடிவதில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகிறது. அரசியல் பிரதிநிதித்துவமும் போகிறது. நீலகிரி மக்களவைத் தொகுதி 2009 முதல் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் அவ்வாறே. இத்தொகுதிகளில் தலித் கிறிஸ்தவர் வாக்களிக்கலாம், போட்டியிட முடியாது.

இதன் விளைவாகப் பல குடும்பங்கள் இரு பெயர்களோடு வாழ்கின்றன. ஆலயத்தில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். சிலர் ஆண்டுக்கணக்கில் ஆராதனைக்கு வந்தும் ஞானஸ்நானம் பெறுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த அச்சத்தை மேலும் வளர்த்துள்ளது. நம்பிக்கை இன்றி, ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று உரிமை கோருவது அரசமைப்பின் மீதான மோசடி என்று நீதிமன்றம் கூறியது. அவருடைய ஞானஸ்நானப் பதிவும் அவ்வழக்கில் அவருக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒருவரைச் சபை தன் குடும்பத்தில் ஒருவராக ஏற்றுக்கொண்டதைக் குறிக்கும் ஏடே, அவருடைய உரிமையைப் பறிக்கும் ஏடாகவும் ஆகிவிடுகிறது.

இங்கே திருச்சபையின் நேர்மை சட்ட முக்கியத்துவம் பெறுகிறது. சென்னையின் சாலையோரச் செருப்புத் தொழிலாளியான சூசை தொடுத்த வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதம் மாறிய பின்னும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று கூறி அவருடைய கோரிக்கையை அது ஏற்கவில்லை. ஆதாரம் எங்கே இருக்கிறது? பெருமளவு திருச்சபையின் உள்ளேயே இருக்கிறது. ‘எங்கள் சபையில் சாதி இல்லை’ என்று மேடையில் சொல்லும் ஒவ்வொரு தலைவரும், அறியாமலேயே, சூசைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார்.

இதனை உணர்ந்த குரல்கள் திருச்சபைக்குள்ளேயே எழுந்துள்ளன. 1990இல் தமிழக ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களின் மேம்பாட்டுக்குப் பத்து அம்சத் திட்டத்தை அறிவித்தது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மத நிபந்தனையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. அவை ஒரு தோட்டத்துச் சபையின் பொதுக்குழு வரை இறங்கி வந்தனவா என்பதே கேள்வி.

சேவையும் அதிகாரமும்

கிறிஸ்துமஸ் காலத்தில் தோட்ட லைன்களில் போர்வையும் அரிசியும் வழங்கப்படுவதைக் காண்கிறோம். குளிர்மிகுந்த மலையில் போர்வையின் மதிப்பை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் கொடுப்பவர் எப்போதும் ஒருவராகவும் பெறுபவர் எப்போதும் மற்றொருவராகவும் இருந்தால், அச்சேவை பழைய அடுக்கையே புதுப்பிக்கிறது.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, ‘பறட்டை அண்ணன்’ என்று அறியப்பட்டவர், இதற்கு மாற்றாக ஒன்றை முன்வைத்தார். ஒரே உலையில் சமைத்து, ஒன்றாக உண்பதே திருவிருந்தின் பொருள் என்றார். பறையை ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். அவரவர் கொண்டுவருவது ஒரே பானையில் சேரும்போது கொடுத்தவர், பெற்றவர் என்ற கோடு அழிகிறது. தலித் இறையியல் நமக்குத் தந்த மிக எளிய, மிகக் கடினமான அளவுகோல் இது.

இந்த அளவுகோலை நீலகிரியின் இன்றைய தேவைகளோடு பொருத்திப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளி ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இருப்பதில்லை. டேன்டீயின் ஒரு பகுதி நிலத்தை வனத்துறையிடம் திரும்ப ஒப்படைக்க 2022இல் அரசு முடிவு செய்தபோது, தாயகம் திரும்பியோரின் மூன்றாம் தலைமுறை மீண்டும் எங்கே செல்வது என்று கேட்டது. 2024இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்ட விதத்தைக் கண்டவர்களுக்கு இந்த அச்சம் மிகையாகத் தோன்றாது. 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதுகாப்பான நிலம் எளியவருக்குக் கிடைப்பதில்லை என்பதை ஒவ்வொரு மழைக்காலமும் நினைவூட்டுகிறது.

இங்கே ஒரு சபையால் செய்யக்கூடியவை பல. பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதிய விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் உதவி மையத்தை ஞாயிறு ஆராதனைக்குப் பின் நடத்தலாம். அதற்குப் படித்த இளையோர் நால்வர் போதும். தாயகம் திரும்பியோரின் முகாம் அட்டைகளையும் பழைய கடவுச்சீட்டுகளையும் தொகுத்துப் பாதுகாக்கலாம். பட்டாவுக்கான மனுக்களில் சபை ஒரு தரப்பாக நிற்கலாம். தன்னிடம் உள்ள நிலத்தில் எவ்வளவு, வீடற்ற தன் உறுப்பினருக்குப் பயன்படக்கூடும் என்று கேட்டுக்கொள்ளலாம். இவை எவற்றுக்கும் யாரும் மதம் மாற வேண்டியதில்லை; இந்து தலித், இஸ்லாமியர், பழங்குடியினர் என எவருக்கும் அந்த மேசை திறந்திருக்க வேண்டும். உதவிக்கு நம்பிக்கையை விலையாகக் கேட்கும் சபை, வரவேற்கவில்லை, வாங்குகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இந்த விஷயத்தில் களப்பணியாளர்களும் மாணவர்களும் தம் ஊரில் நேரடியாகக் கேட்டு அறியக்கூடிய சில கேள்விகளை முன்வைக்கிறோம்.

குருசேகரக் குழுவிலோ பங்குப் பேரவையிலோ கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் இருக்கிறாரா? இருந்தால், கணக்கு வாசிக்கப்படும்போது அவரால் கேள்வி கேட்க முடிகிறதா? சபையின் கல்லறையில் இடம் ஒதுக்கப்படுவது எந்த அடிப்படையில்? திருச்சபை நடத்தும் பள்ளிகளில் தலித் கிறிஸ்தவருக்கான சேர்க்கையும் பணிநியமனமும் எத்தனை என்று ஆண்டுதோறும் எழுத்தில் வெளியிடப்படுகிறதா? சபையில் நடந்த சாதி மறுப்புத் திருமணங்களைப் போதகர் மேடையில் வாழ்த்துகிறாரா, அல்லது மௌனமாகக் கடந்து செல்கிறாரா? இரு பெயர்களோடு வாழும் குடும்பத்தைச் சபை பொய்யர் என்று பார்க்கிறதா, சட்டத்தால் நெருக்கப்பட்டவர் என்று பார்க்கிறதா?

இக்கேள்விகளை வெளியிலிருந்து தாக்கும் நோக்கத்தோடு நாம் எழுப்பவில்லை. மத மாற்றத்தைக் காரணம் காட்டி எளிய ஜெபக்கூடங்களை அச்சுறுத்தும் அரசியலோடு நமக்கு எந்த உடன்பாடும் இல்லை. தலித் மக்கள் எந்த மதத்தைத் தேர்ந்தாலும், அத்தேர்வு அவர்களுடைய உரிமை. அந்த உரிமைக்கு அரசு விலை வைக்கக்கூடாது என்றும், அவர்களை வரவேற்ற வீடு அவர்களைத் திண்ணையில் அமர்த்தக்கூடாது என்றும்தான் சொல்கிறோம். 1938இல் சோலாப்பூரில் கிறிஸ்தவர்களிடையே பேசிய அம்பேத்கர், தென்னிந்தியத் தேவாலயங்களில் சாதி தொடர்வதையும், மதம் மாறியோர் அரசியல் உரிமைக்காகப் போராடாமல் இருப்பதையும் சுட்டிக்காட்டினார். இரண்டுக்கும் இடையே தொடர்பு உண்டு. உள்ளே சமத்துவத்துக்காகப் போராடிப் பழகாத சபையால் வெளியே உரிமைக்காகப் போராட இயலாது.

1891இல் இந்த மலையில் கூடியவர்கள் பள்ளியையும் கிணற்றையும் அலுவலக வாசலையும் கேட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கடந்து, அவர்களுடைய வழித்தோன்றல்களில் ஒருத்தி ஞாயிறு அன்று ஆலயத்தின் பலகையில் அமர்ந்திருக்கிறாள். அவளுக்குப் பாட்டுப் புத்தகம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவளோடு சபையிலிருந்து யார் செல்வார் என்பது இன்னும் முடிவாகவில்லை. அதை முடிவு செய்ய அடுத்த பொதுக்குழுக் கூட்டமே போதுமானது.